ஏலத்துக்கு முன் ஒரு கைப்பிடி அரிசி

அன்புள்ள ஆயர் ஐயா அவர்களுக்கும், சேகரக் கமிட்டியில் இருக்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகை நோட்டீஸ் கைக்கு வந்தது. காலையில் ஆராதனை, மாலையில் காணிக்கைப் பொருள்களின் ஏலம், இரவு எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனம் என்று எல்லாம் வழக்கம்போல இருக்கிறது. ஒரு வரி மட்டும் புதிது: ரூ.5,000-க்கு மேல் ஸ்தோத்திரக் காணிக்கை கொடுப்பவர்களின் பெயர்கள் பீடத்திலிருந்து வாசிக்கப்படுமாம். அந்த வரிக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

ஏலத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. ஒற்றை எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு சம்பந்திகள் போட்டி போட்டு விலையை ஏற்றிவிடுவதை முன்வரிசையில் உட்கார்ந்து ரசிக்கிறவள் நான். வாழைத்தார் வயலில் வெட்டியதா, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கியதா என்றும் கேட்கமாட்டேன். விளைச்சலே இல்லாத வருஷத்தில் வேறு எங்கே போவார்கள்?

காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆண்டவர், ஒரே ஒரு ஏழை விதவையின் தொகையைத்தான் எடுத்துச் சொன்னார். அது இரண்டு காசு. அந்த விதவை நம் சபையில் இருந்தால், இந்த நோட்டீஸின்படி அவள் பெயரை வாசிக்க வழியில்லை.

ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரமும் இப்படித்தான் ஆகிவிட்டது. வீடு கட்டி முடித்தவர் வருகிறார். மகனுக்கு சிங்கப்பூரில் வேலை கிடைத்தவர் வருகிறார். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் நம் சபைத் தம்பி ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. விடியுமுன் மல்லிகைப் பூ எடுத்து வந்து கட்டி, முழம் போட்டு விற்கும் அக்காவும் நின்றதில்லை. தங்களிடம் சொல்ல ஒன்றுமில்லை என்று அவர்களை நம்ப வைத்திருக்கிறோம். நேற்று அடுப்பு எரிந்தது, இன்றும் எரிந்தது என்பது நம் சபையில் சாட்சிக் கணக்கில் சேருவதில்லை.

ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலோ, உடம்புக்கென்று கேட்கச் சொன்னது அது ஒன்றுதான்: ‘எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.’ வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா என்ற ஆகாரத்தையும் அன்றன்றைக்குத்தான் கொடுத்தார். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. மறுநாளைக்கு எடுத்து வைத்தவன் பாத்திரத்தில் புழு நெளிந்தது. ஓய்வுநாளுக்காக வைத்தது மட்டும் கெடவில்லை. தலைமுறைகள் பார்க்கட்டும் என்று ஒரு கலசத்தில் ஒரு ஓமர் எடுத்து வைக்கச் சொன்னார். 40 வருஷத்தில் எத்தனையோ பெரிய அற்புதங்கள் நடந்தும், கலசத்தில் வைக்கச் சொன்னது தினசரிச் சாப்பாட்டை என்பதைக் கமிட்டி கவனிக்க வேண்டும்.

‘சோற்றுக்கு வேதத்தில் சேர்ந்தவர்கள்’ என்று நம்மை ஊரில் கேலி பேசியதுண்டு. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்காக வந்து, அப்படியே சபையில் தங்கிவிட்டவர்களின் வழி நாங்கள் என்று என் பாட்டி சொல்வார். சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். எதற்காகத் தாழ்த்த வேண்டும்? அப்பம் தின்று திருப்தியானதால்தானே என்னைத் தேடுகிறீர்கள் என்று ஆண்டவரே கடிந்துகொண்டாரே என ஆயர் ஐயா கேட்கக்கூடும். கடிந்துகொண்டார்தான். முந்தின நாளே வயிறார ஊட்டிவிட்டுத்தான் கடிந்துகொண்டார். மீதியையும் வீணாக்காமல் பன்னிரண்டு கூடை எடுக்க வைத்தார். (நம் அசனப் பந்தியின் எச்சில் இலைகளைப் பற்றி இங்கே எழுதினால் மடல் நீண்டுவிடும்.)

தண்ணீர் விஷயமும் ஒன்று இருக்கிறது. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை 1895-இல் அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர் வைகையில் சேர்ந்து, பேரணையில் கால்வாய்க்கு மாறி, கள்ளந்திரியைத் தாண்டித்தான் நம் மேலூர்ப் பக்கம் எட்டிப்பார்க்கிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம். மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கருக்கும் ஒருபோகம், அதுவும் அணையில் இருப்பு இருந்தால். கடைமடைக்காரனுக்கு ஒவ்வொரு வருஷமும் புது வருஷம்தான். திறக்கச் சொல்லி மனுக் கொடுக்க நாம் கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறோம். மழைக்காக உபவாச ஜெபமும் வைக்கிறோம். தண்ணீர் வந்து சேர்ந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்காக ஒரு ஸ்தோத்திரம் ஏறெடுத்ததாக எனக்கு நினைவில்லை. ராத்திரி மடையில் காவல் நின்று கடைசி வயலுக்கும் தண்ணீர் விடுகிறவரின் பெயர்கூட நம் ஜெபக் குறிப்பில் இருந்ததில்லை.

ஆகவே கேட்கிறேன். நோட்டீஸில் அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். கொடுக்கிறவர்கள் ரசீது வாங்கிக்கொள்ளட்டும், அது போதும். பண்டிகைக் காலை ஆராதனையில், ஏலப் பொருள்களை அடுக்குவதற்கு முன், கைப்பிடி அரிசி படைக்க நேரம் ஒதுக்குங்கள். முன்பு நம் வீடுகளில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துப் போட்டு, மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டுவந்தோம். ரேஷன் அரிசியும் பொன்னி அரிசியும் ஒரே சாக்கில்தான் விழும். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது. அந்த அரிசியிலேயே அசனம் பொங்கலாம். சாட்சி நேரத்தை அன்று ஒருநாள், வருஷம் முழுக்கப் பெரிதாக ஒன்றும் நடக்காதவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். பூக்கார அக்காவிடம் நான் பேசிவிட்டேன். மைக்கைக் கையில் கொடுக்காமல் ஸ்டாண்டில் வைத்தால் பேசுகிறேன் என்கிறார்.

பண்டிகைக்கு முன் கூடும் கமிட்டியில் இதைப் பேசி முடிவெடுத்தால், பெண்கள் சங்கத்தில் வீட்டுக்கு ஒரு டப்பா நாங்களே கொடுத்துவிடுவோம். அரிசி அளப்பதற்குப் பழைய படி ஒன்று உபதேசியார் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதை இறக்கித் தர மட்டும் யாராவது ஒரு வாலிபத் தம்பியை அனுப்புங்கள்.

கர்த்தருக்குள்,
மேலூர்ப் பக்கத்துச் சபை அங்கத்தினர் ஒருத்தி