தப்பு கண்ணாடியில் இல்லை, மாப்பிள்ளை

பூம்பாறை
18-1-2026

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. நன்றாகத் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? நம் 'குட்டை'யின் மகள் கல்யாணத்துக்கு வர முடியாததற்கு அவனிடம் போனிலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி வியாழனின் பெரிய சிவப்புப் புள்ளி படத்தில் விழுந்துவிட்டது. நம் தொலைநோக்கிக் கண்ணாடியில்! ஹாஸ்டல் மொட்டை மாடியில் அந்தத் தார் டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்து தேய்த்தோமே, அதே எட்டு அங்குலக் கண்ணாடியில்.

ஆனால் அதற்கு முன்னால் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முதல் ஆறு மாதம் மழையும் மூடுபனியும், குழாயைத் திறக்கவே வழியில்லை. அதற்கப்புறம் எழுதாததற்குக் காரணம் வேறு. மனசுக்குள் உன் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை பிறந்து வானம் விட்டுவிட்டுத் தெளிந்ததும் படமெடுக்க ஆரம்பித்தேன். ஒன்றுகூடத் தேறவில்லை. வியாழனின் பட்டைகள் கலங்கி, விளிம்பு மூன்று பக்கமும் மெழுகு வழிந்த மாதிரி இருந்தது. முதலில் காற்றைத்தான் சந்தேகப்பட்டேன். பகலில் காய்ந்த தகரக் கூரை ராத்திரி முழுக்க அனலைக் கக்கும் என்று, கருவியைத் தூக்கிப் பூண்டு வயல் ஓரத்துக்குக் கொண்டுபோனேன். கண்ணாடி வெளிக்குளிருக்கு ஆறட்டும் என்று இரண்டு மணி நேரம் முன்னாலேயே வெளியே வைத்தேன். வியாழன் தாழ இருக்கும்போது ஒரு விளிம்பில் நீலமும் எதிர் விளிம்பில் சிவப்பும் ஒட்டிக்கொள்ளும். காற்று பட்டகம் மாதிரி ஒளியைப் பிரிப்பதால் வருவது அது. உச்சிக்கு ஏறும்வரை காத்திருந்தேன், நிறம் போய்விட்டது. நம் ஊர் அட்சரேகைக்கு இப்போது நள்ளிரவு வாக்கில் கிட்டத்தட்டத் தலைக்கு மேலேயே நிற்கிறான். வடக்கே ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

மெழுகு மட்டும் போகவில்லை. ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக் குவியத்தை லேசாக விலக்கிப் பார்த்தேன். வட்டம் வட்டமாகத் தெரிய வேண்டிய வளையங்கள் முக்கோணமாக நின்றன. அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. கடைசி மூன்று நாள் பாலிஷ் நீ தனியாகப் போட்டாய், நான் ஊருக்குப் போயிருந்தேன். சுற்றி நடக்காமல் ஒரே பக்கம் நின்று அழுத்தியிருப்பாய், கண்ணாடியே கோணிப்போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். உனக்கு எழுதப் பேனாவை எடுத்தாலே அந்த முக்கோணம்தான் முன்னால் வந்து நிற்கும்.

போன வாரம் பொறுக்க முடியாமல் கண்ணாடியை வெளியே எடுத்தேன். முதுகில் நீ பெயிண்டால் எழுதிய தேதி இன்னும் அழியவில்லை. அந்த '14-8-98' எழுத்தையே அடையாளமாக வைத்து, கண்ணாடியை 60 பாகை திருப்பிப் பழையபடியே இறுக்கிப் பொருத்தினேன். 120 பாகை திருப்பினால் முக்கோணம் தன் மேலேயே விழும், ஒன்றும் தெரியாது. தப்பு கண்ணாடியில் இருந்தால் முக்கோணமும் கூடவே திரும்ப வேண்டும். திரும்பவில்லை, மாப்பிள்ளை. அசையாமல் அதே இடத்தில் நின்றது. அதன் மூன்று மூலையும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்பைக் காட்டியது.

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைப்பாதையின் வளைவுகளில் கண்ணாடி ஆடக் கூடாதே என்று மே மாதம் அந்தக் கிளிப்புகளின் திருகுகளை இறுக்கியது நான்தான். மேலே வந்து தளர்த்த மறந்துபோனேன். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வளைந்தாலே நட்சத்திரம் கெட்டுப்போகும் பொருள் அது. போதாக்குறைக்கு இந்தக் குளிரில் அலுமினியச் சட்டம் கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கி இன்னும் நெருக்கியிருக்கும். ஒரு போஸ்ட் கார்டு நுழைகிற அளவுக்கு மூன்றையும் தளர்த்தினேன். அன்றைக்கு ராத்திரியே வளையங்கள் வட்டமாக வந்துவிட்டன. உன் பாலிஷ் தங்கம். அதைச் சந்தேகப்பட்டதற்கு என்னை மன்னித்துவிடு.

நேற்று காற்றும் அடங்கியிருந்தது. மோட்டார் இல்லாத கருவியாச்சே, வியாழன் அரை நிமிஷத்தில் கேமராவின் பார்வையைக் கடந்துவிடுவான். அந்த அரை நிமிஷ வீடியோவில் சுமார் 3,000 படம். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற மென்பொருள் அதில் காற்று அசையாத கணங்களில் விழுந்த நல்ல 300-ஐப் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. அப்புறம் ரெஜிஸ்டாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் கொஞ்சமாகத்தான் கூர்மை ஏற்றினேன், அதிகம் போனால் விளிம்பில் இல்லாத வளையம் முளைக்கும். திரையில் வியாழன் மொத்தமே 185 பிக்சல் அகலம். அதில் தெற்குப் பட்டையைக் குடைந்துகொண்டு, வெளுத்த செங்கல் நிறத்தில், நீள்வட்டமாக அந்தச் சிவப்புப் புள்ளி இருந்தது. நம் பூமியைவிடப் பெரிய புயல். இவளை எழுப்பிக் காட்டினேன். விடியும்வரை தூக்கம் வரவில்லை.

பிரிண்ட் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். பிப்ரவரி கடைசியில் கிளம்பி வா. அப்போது ராத்திரி ஒன்பது மணிக்கெல்லாம் உச்சிக்கு வந்துவிடுவான், கண் விழிக்க வேண்டாம். கம்பளி இங்கே இருக்கிறது. கண்ணாடியின் வளைவைச் சோதிக்கும் அந்த பிளேடு ஸ்டாண்ட் உன் வீட்டுப் பரணில்தானே கிடக்கிறது? மறக்காமல் எடுத்து வா, கண்ணாடியை இன்னொரு தடவை சேர்ந்து சோதிப்போம்.

உன் பிரியமுள்ள,
மாப்பிள்ளை