அம்மாவிடம் கேளுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டுப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு,

வணக்கம். நான்கு வருடங்களுக்கு முன்பு அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டோடு உங்களில் ஒருவரைப் பார்க்க வந்தோம். அம்மாவுக்கு அப்போது 73 வயது. இடது மார்பில் நெல்லிக்காய் அளவு புற்றுநோய்க் கட்டி. ஹெர்2 3+, அதாவது ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும், வேகமாக வளரும் வகை. டாக்டர் என்னிடம் சொன்னார்: "ஆபரேஷனோட நிறுத்திக்கலாம். இந்த வயசுல கீமோ குடுத்து எதுக்கும்மா கஷ்டப்படுத்தணும்?"

பக்கத்து ஸ்டூலில் அம்மா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்று விடியற்காலையில் எழுந்து வீட்டுக்கே சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர்.

அக்கறையில்தான் சொன்னார், நம்புகிறேன். ஆனால் இன்னொரு மருத்துவமனையில் டாக்டர் நாற்காலியை அம்மா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "மாடி ஏறுனா மூச்சு வாங்குதா? கீழ விழுந்திருக்கீங்களா? என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் 12 வாரம், வாராவாரம் பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து. கூடவே ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்து, அது மட்டும் ஒரு வருடம். அது இதயத்தைப் பாதிக்கலாம் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதயத்தைப் பார்த்தார்கள். கஷ்டம் இல்லாமல் இல்லை. விரல் நுனி மரத்துப்போய், பூத் தொடுக்க வரவில்லை என்று அம்மா அழுத நாள் உண்டு. இப்போது தொடுக்கிறார், கொஞ்சம் மெதுவாக.

உங்களுக்குத் தெரியாததில்லை. அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த, 65 வயதோ அதற்கு மேலோ ஆன 633 பெண்களை வைத்து நடந்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. வழக்கமான கீமோவுக்குப் பதில் லேசாக இருக்கட்டும் என்று கேப்சிடபின் மாத்திரை மட்டும் வாங்கியவர்களுக்கு, நோய் திரும்பவோ உயிர் போகவோ இருந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. சரி, கீமோவை உடம்பு தாங்காது என்றால்? ஜப்பானில் 70 முதல் 80 வயது ஹெர்2 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு டிராஸ்டுசுமாப் மட்டும் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து 89.5 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். கீமோவும் சேர்த்து வாங்கியவர்களில் 93.8. எல்லாமும் கொடு, இல்லை ஒன்றுமே வேண்டாம் என்ற இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு வழி இருக்கிறது.

அதனால் கேட்கிறேன். ஹெர்2 2+ என்று இரண்டுங்கெட்டானாக முடிவு வந்தால், அதை உறுதிசெய்யும் ஃபிஷ் என்ற மரபணு டெஸ்டை வயதைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். இதயம், சிறுநீரகம், நடை, ஞாபகம், வீட்டில் துணைக்கு ஆள் உண்டா என்று பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். எல்லாம் கேட்டுவிட்டு ஒரு பாட்டி வேண்டாம் என்றால், அதை மதியுங்கள். பிள்ளைகள் நாங்கள் சொல்வதை அவர் சொன்னதாக மட்டும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்