அரை டிக்கெட் அப்பா

அன்புள்ள பாப்பா,

நேற்று போனில் அம்மாவே பேசித் தீர்த்துவிட்டாள். பெய்ஜிங்கில் பழைய சீன ராஜாக்களின் அரண்மனைக்குப் போன கதையைச் சொல்ல நான் வாயே திறக்க முடியவில்லை. டிசம்பரில் சம்பந்தி இருவரையும் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாயே, அதற்கும் ஆகும் என்று எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட். வாசலில் போய் நின்று வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதே. ஏழு நாளைக்கு முன்பு இரவு எட்டு மணிக்கு போனில் முன்பதிவைத் திறந்துவிடுகிறார்கள். உங்கள் சிங்கப்பூர் நேரமும் அதேதான். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும். உன் அண்ணனுக்கு ஞாயிறுதான் ஓய்வு என்பதால் முந்தின ஞாயிறு எட்டடிக்கும் முன்பே எங்கள் பாஸ்போர்ட்டுகளை மேஜையில் விரித்துவைத்து உட்கார்ந்துவிட்டான். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் எடுக்கிற அதே படபடப்பு. எங்களுக்கு முதலில் எடுத்துவிட்டுத் தனக்கு எடுக்கப் போனால், காலை டிக்கெட் காலி! "நீங்க ரெண்டு பேரும் உள்ளே போங்க, நான் வடக்கு வாசல்ல நிக்கிறேன்" என்றான். தெற்கே வூமென் வாசல் வழியாக மட்டும்தான் உள்ளே விடுகிறார்கள். வெளியே வருவது வடக்கு அல்லது கிழக்கு வாசல் வழியாக. நீ பிரித்து எடுக்காதே, எல்லோருக்கும் சேர்த்தே எடு.

ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான். 60 வயது ஆனவர்களுக்குப் பாதி. எனக்கு 30. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் "பையனுக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டுக் கேட்டு அரை டிக்கெட் கிழித்தவனுக்கு 67 வயதில் அரை டிக்கெட். அண்ணன் சிரித்த சிரிப்பைப் பார்க்கணுமே.

அம்மாவுக்கு முழு டிக்கெட். நிஜத்தில் அவளுக்கு 61. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது உன் தாத்தா இரண்டு வயதைக் குறைத்து எழுதிவைத்தது பாஸ்போர்ட் வரைக்கும் வந்து நிற்கிறது. 30 யுவான் தண்டம் என்று நான் புலம்பினேன். அவளுக்கோ ஒரே சந்தோஷம். "நான் இன்னும் அறுபதைத் தொடலை" என்று அன்று முழுக்க என் காது புளிக்கும்வரை சொன்னாள்.

வாசலில் பாஸ்போர்ட்தான் டிக்கெட். அங்கிருந்த பெண் வாங்கி மெஷினில் காட்டிவிட்டுத் திருப்பித் தந்தாள். அவ்வளவுதான். நான் கையை நீட்டியபடியே நின்றேன், ஏதாவது சீட்டு தருவாள் என்று. மைசூர் அரண்மனை, பத்மநாபபுரம் அரண்மனை எல்லாவற்றுக்கும் என் பழைய தோல்பையில் டிக்கெட் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை.

தெற்கிலிருந்து வடக்குவரை 961 மீட்டர். கேட்க ஒன்றுமில்லை போலிருக்கும். ஆனால் படிகள் ஏறி இறங்கி, முழங்கால் உயர நிலைப்படிகளைத் தாண்டிப் போவதற்குள் கால் கெஞ்சிவிடும். முன்பக்கம் மூன்று பெரிய மண்டபங்களைச் சுற்றி ஒரு மரம் கிடையாது. எல்லாம் கடைசியில் இருக்கிற தோட்டத்தில்தான்.

மண்டபங்களுக்கு வெளியே பெரிய பெரிய செப்பு அண்டாக்கள். அரண்மனை முழுக்க மரம் என்பதால் தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்களாம். குளிர்காலத்தில் உறைந்துவிடாமல் அடியில் நெருப்பு மூட்டுவார்களாம். மேலே பூசியிருந்த தங்கத்தைச் சுரண்டிய கோடுகள் இன்னும் தெரிகின்றன. 1900-இல் புகுந்த அந்நியப் படைகளின் வேலை என்கிறார்கள். "கல்யாண வீட்டு அண்டாவைக்கூட இப்படிச் சுரண்டமாட்டாங்க" என்றாள் அம்மா.

எனக்குப் பிடித்தது மூன்றாவது மண்டபத்தின் பின்னால் படிகளுக்கு நடுவே சாய்ந்து கிடக்கும் கல். பதினாறு மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கு மேல் எடை, உடம்பெல்லாம் டிராகன். வழி நெடுகக் கிணறு வெட்டி, குளிர்காலத்தில் சாலையில் தண்ணீர் ஊற்றிப் பனிக்கட்டியாக்கி, அதன்மேல் இழுத்து வந்தார்களாம். ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். கடிகாரக் காட்சிக்கும் ஆசைதான், அதற்குத் தனியாக 10 யுவான். அம்மாவின் முழங்கால் சம்மதிக்கவில்லை.

வடக்கு வாசலில் அண்ணன் பிளாஸ்க்கோடு நின்றான். அம்மா முதலில் டீயைக் கேட்கவில்லை, "எனக்கு முழு டிக்கெட்டுடா" என்றாள்.

நீ போகும் டிசம்பரில் 40 யுவான்தான். ஆனால் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும், சம்பந்தியம்மாவுக்கு மூட்டுவலி வேறு. யோசித்துக்கொள். சரி, அப்புறம் ஒன்று: இருவருக்கும் பாஸ்போர்ட்டில் என்ன பிறந்த தேதி இருக்கிறது என்று இப்போதே மாப்பிள்ளையைக் கேட்டு வைத்துக்கொள்.

அப்பா