மணிக்காப்பு வேலையை நிற்பாட்டச் சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் பேத்தியும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம். முழங்கால் நோவு வழமைபோலத்தான். அதை மண் பிசைகிற வேலையோடு முடிச்சுப் போடாதே, அந்த நோவு இந்த வேலைக்கு எத்தனையோ வருடம் முந்தியது.

வைபரில் நீ சத்தம் போட்டதற்கு எழுத்தில் பதில் தருகிறேன். வைபரில் நான் ஒன்று சொல்லி முடிக்க முதல் நீ மூன்று சொல்லிவிடுவாய். இதில் உன்னால் குறுக்கே கதைக்க ஏலாது.

"மாதம் மாதம் காசு அனுப்புகிறேன். பிறகேன் அம்மா வீட்டில் மண் மணி உருட்டிக் காப்புக் கோத்து விற்கிறீர்கள்? ஊர் என்ன நினைக்கும்?" இதுதானே உன் கேள்வி.

ஊர் நினைத்ததைச் சொல்கிறேன். "கனடாவில் மகன் இருந்தும் மனுசி காப்பு விற்குது" என்று சுன்னாகம் சந்தையில் ஒருத்தி சொன்னாளாம். அவளே அடுத்த கிழமை வந்து, பேரப்பிள்ளைக்கு ஒன்று எடுத்து, விலையையும் குறைக்கச் சொல்லி நின்றாள். நான் குறைக்கவில்லை. நீ அனுப்புகிற காசு எனக்குப் போதும், மிச்சமும் வருகிறது. காசு காணாமல் நான் இதைச் செய்யவில்லை. அப்பா போனபின் பின்னேரங்களில் இந்த வீட்டில் தொலைக்காட்சி நாடகத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதில் வருகிற மாமிமாரைப் பார்த்தால் எனக்கே பயமாயிருக்கிறது. உன் மனைவியின் நன்மைக்காகவாவது நான் மணி உருட்டுவது நல்லது.

நீ இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறாய். அதுதான் எனக்குக் கோபம், ஊர் கதைப்பதல்ல. என்ன வேலை என்று தெரிந்துகொண்டு பிறகு நிற்பாட்டச் சொல்.

எங்கள் வளவுச் செம்மண் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நல்லது, மணிக்கு ஆகாது. உருட்டினால் உதிரும். போதாக்குறைக்கு இந்தக் குடாநாட்டுக்கு அடியில் முழுக்கச் சுண்ணக்கல். மண்ணுக்குள் கடுகளவு சுண்ணக்கல் கிடந்தாலும் சுடும்போது அது நீறாகிவிடும். மணி சூளையிலிருந்து வடிவாகத்தான் வரும். பிறகு காற்றிலுள்ள ஈரத்தை அந்த நீறு மெல்ல மெல்லக் குடித்து ஊதும். பெட்டிக்குள் சும்மா கிடந்த மணியில் ஒரு நாள் செதில் பறந்து, உள்ளே வெள்ளைப் பொட்டுத் தெரியும். வாங்கின ஆளின் கையில் இது நடந்தால் அவர் இரண்டாம் முறை வரமாட்டார். அதனால் குளத்துக் களிமண் ஒரு சாக்கு வந்து இறங்கினால், முதலில் ஒரு பிடி எடுத்து வினாகிரி விட்டுப் பார்ப்பேன். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சாக்கு வாழைக்கு அடியில் போகும்.

தேறின மண்ணைக் காயவிட்டு, உடைத்து, வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு, கரைத்து, பழைய வேட்டித் துண்டால் வடிக்க வேண்டும். அரிதட்டு காணாது, பொடிக் கல் இறங்கிவிடும். தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கின சேற்றைச் சீலையில் முடிந்து கிணற்றடியில் தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டி முடியும். அப்புறம் பிசைவது. இடியப்பத்துக்கு மா குழைக்கிற பதம் வந்தால் சரி. உள்ளே காற்றுக் குமிழி நிற்கக்கூடாது என்று பலகையில் அடித்து அடித்துப் பிசைய வேண்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் என் முழங்கால் உன் பக்கம் சாட்சி சொல்லும். ஆனால் பிசைகிறது இப்போது நானில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஏ.எல். சோதனை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் நிற்கிறாள். வருகிற காசில் அவளுக்கும் ஒரு பங்கு.

உருட்டுவது என் வேலை. அதை ஒருவருக்கும் கொடுக்கமாட்டேன். அப்பாவின் இரும்பு அடிமட்டம் இருக்கிறதல்லவா, அதுதான் பக்கத்தில் கிடக்கும். பச்சை மணி 9 மில்லிமீற்றர் வந்தால், காய்ந்து சுட்டபின் 8 அளவில் நிற்கும். களிமண் தண்ணீரை விட்டால் சுருங்கும், இந்த மண் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்குகிறது. துளைக்குத் தென்னோலை ஈர்க்கு. ஈர்க்கை நேரே குத்தி ஏற்றினால் மறுபக்கம் மண் பிதுங்கி முள்ளாய் நிற்கும், காய்ந்தபின் அது நூலை அறுக்கும். மணியை விரலிடையில் பிடித்து, ஈர்க்கைத் திருகித் திருகி, முனை மற்றப் பக்கம் எட்டிப்பார்த்தவுடன் உருவி, அந்தப் பக்கத்திலிருந்து திரும்ப விடவேண்டும். அப்போது இரண்டு வாயும் மழமழவென்றிருக்கும். பாதி காய்ந்த நிலையில் சில்வர் கரண்டியின் முதுகால் ஒவ்வொன்றையும் தேய்ப்பேன். பூச்சு ஒன்றும் பூசாமலே அதற்கு மினுக்கம் வருவது அந்தத் தேய்ப்பில்தான்.

காயப்போடுவதில் பொறுமை வேண்டும். சோளகம் வீசுகிற மாதங்களில் மேல் கெதியாகக் காய்ந்து உள் ஈரமாய் நிற்கும், வெடிப்பு விழும். அதனால் நிழலில், சுளகில் பரவி, மேலே ஈரச் சாக்கு. மாரியில் இந்த வேலையே இல்லை. சாக்கென்ன, சீலையே காயாது.

சூளை என்றால் நீ பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ளாதே. கோடிப்புறத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு கிடங்கு, அதற்குள் பழைய மண்சட்டி, சட்டிக்குள் மணி. முதலில் பக்கத்தில் சின்ன நெருப்பு மட்டும் வைத்து மணிகளை நல்லாகச் சூடேற்ற வேண்டும். உள்ளே கொஞ்சம் ஈரம் நின்றாலும் அது ஆவியாகி, "பட்" என்று வெடித்துப் பக்கத்து மணிகளையும் கொண்டுபோகும். அப்புறம்தான் ஊமல் என்கிற காய்ந்த பனங்கொட்டை, சிரட்டை, காவோலை எல்லாம் மேலே. ஊமல் போல எரிவது வேறில்லை. பனங்கிழங்கு கிண்டின வீடுகளில் ஊமல் குவிந்து கிடக்கும், கேட்டால் கடகம் கடகமாகத் தருவார்கள். 600 பாகை செல்சியசுக்கு மேல் போனால்தான் மண் மண்ணாயிருப்பதை விடும். அதற்குக் கீழே சுட்டது தண்ணீரில் போட்டால் திரும்பச் சேறு. பக்கத்து வீட்டார் உடுப்புக் காயப்போடுகிற நாளில் மூட்டமாட்டேன், பயப்படாதே, சண்டை ஒன்றும் வராது. ஆறவும் அவசரப்படக்கூடாது. அடுத்த நாள் வரை கிடங்கைத் திறக்கவே மாட்டேன்.

திறக்கிற நேரம்தான் எனக்கு உருசி. காற்றுப் பட்ட மணி சிவப்பு, மண்ணிலுள்ள இரும்பின் நிறம். உமிக்குள் புதைத்து மூடி வைத்த மணி கறுப்பு, காற்றுப் புகாமல் கரி ஏறினது. சிலது பாதி சிவப்பு, பாதி கறுப்பு. அவற்றை நான் விலைகூட்டி விற்கிறேன், வெளிநாட்டிலிருந்து ஓகஸ்டில் வருகிறவர்கள் அதைத்தான் தேடி எடுக்கிறார்கள். நீ "மண் மணியை யார் போடுவார்" என்று கேட்டாயே. கந்தரோடை எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். 1970இல் அங்கே பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் கிண்டினார்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பழைய பானை ஓடுகள் அங்கேயும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்திருக்கின்றன. கண்ணாடி மணியும் சூதுபவளம் என்கிற சிவப்புக் கல் மணியும் அந்த மண்ணிலிருந்து வந்திருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தியவர்கள் மணி போட்டார்கள், அதே இரண்டு நிறத்தில் பானை சுட்டார்கள். இங்கே வரும்போது யாழ்ப்பாணம் நாவலர் வீதி நூதனசாலைக்கு பேத்தியைக் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கு விளங்கும். உனக்கும் விளங்கலாம்.

பேத்தி அனுப்பின வீடியோ பார்த்தேன். தட்டைத் தட்டையாய், நிறம் நிறமாய், நடுவில் எழுத்து மணி வைத்துத் தன் சிநேகிதிகளின் பெயர் கோத்திருக்கிறாள். நல்ல வடிவு. ஆனால் அவளிடம் சொல், அவளுடைய "களிமண்" வேறு, அப்பம்மாவுடைய களிமண் வேறு. அவளுடையது பி.வி.சி. பிளாஸ்ரிக்கை மெதுவாக்கிச் செய்தது. வீட்டு ஓவனில் 110, 130 பாகையில் இறுகிவிடும், பெட்டியில் எழுதியிருக்கிற சூட்டுக்கு மேல் விட்டால் கருகிக் கெட்ட புகை வரும். அந்தத் தட்டில் பிறகு சாப்பாடு வைக்க வேண்டாம். என்னுடையதை உங்கள் ஓவனில் வைத்தால் காய்ந்த சேறுதான் கிடைக்கும். அவளுக்கு உண்மையான மண்ணில் செய்ய ஆசை என்றால், அங்கே மட்பாண்ட வகுப்பு நடத்துகிறவர்களிடம் மின்சூளை இருக்கும், கேட்டுப் பார். மணிகளை ஒன்றோடொன்று முட்டாமல் சூடு தாங்கும் கம்பியில் கோத்து வைப்பார்கள். இல்லாவிட்டால் லீவில் வந்து என்னோடு கிடங்கு மூட்டட்டும்.

இப்போது உனக்கு வேலை. இங்கே கடையில் கிடைக்கிற இலாஸ்ரிக் நூல் ஒரு மாதத்தில் தளர்ந்துவிடுகிறது, சுட்ட மண்ணுக்குப் பாரம் கூட. 0.8 மில்லிமீற்றர் நூல், பெரிய உருளையாக இரண்டு கொண்டு வா. கறுப்பு ஒன்று, நிறமில்லாதது ஒன்று. நூலை முதலே நன்றாக இழுத்துவிட்டுக் கோத்து, முடிச்சில் ஒரு சுற்றுக் கூட விட்டு இறுக்கி, ஒரு துளி பசை தொட்டு, முடிச்சை மணிக்குள் இழுத்துவிட வேண்டும். அதற்கேற்ற மெல்லிய மூக்குப் பசை அங்கே கிடைத்தால் அதுவும். சொக்கிலேற்றும் நெத்தலிக் கருவாடும் இடமாறுவதை இந்த முறை குறைத்துக்கொள்வோம், பெட்டியில் இடம் வேண்டும்.

பேத்தியின் மணிக்கட்டை ஒரு நூலால் சுற்றி அளந்து சென்ரிமீற்றரில் அனுப்பு. கண்மதிப்பில் சொல்லாதே. 13 என்றால் இளக்கத்துக்கு ஒன்றேகால் கூட்டி, 8 மில்லிமீற்றர் மணியில் 18 வேண்டும். அவளுக்கு அரைச் சிவப்பு அரைக் கறுப்பு மணிகளாய்ப் பொறுக்கி வைத்திருக்கிறேன். இன்னும் நாலு காணாது, அடுத்த சூட்டில் பார்ப்போம். மருமகளின் அளவும் அனுப்பு, அவள் கேட்கமாட்டாள்.

அன்புடன்
அம்மா