இருவாச்சிக்கு ரொட்டி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாசிர் ரிஸ் பூங்காவில் காலை நடை போகும்போது இருவாச்சிப் பறவைகளைப் பார்க்கிறேன். பெரிய மஞ்சள் அலகு, அதன்மேல் புடைப்பு, கறுப்பு வெள்ளை உடல். என்ன அழகு! சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே அற்றுப்போன இப்பறவை 1994ல் உபின் தீவில் மறுபடி தென்பட்டது. பிறகு செயற்கைக் கூடுகள் வைத்துப் பெருக்கினார்கள்.

முட்டையிடும் காலத்தில் பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். சிறு பிளவு வழியே ஆண் பறவைதான் வாரக்கணக்கில் பழமும் பூச்சியும் ஊட்டும். வேறெந்தப் பறவையிடமும் என் மனம் இப்படி ஒட்டியதில்லை.

ஆனால், படம் எடுப்பதற்காகச் சிலர் ரொட்டித் துண்டுகளை வீசுகிறார்கள். வனவிலங்குகளுக்கு உணவளிப்பது இங்கே சட்டப்படி குற்றம். பிள்ளைகளோடு வருவோரே இதைச் செய்வதுதான் வேதனை.

கையால் ஊட்ட ஆசைப்படுவோருக்கு வேறு வழி உண்டு. 2024 செப்டம்பர் முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீடுகளில் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். என் மகள் புளோக்கின் கீழே திரிந்த ஒரு பூனையைத் தத்தெடுத்திருக்கிறாள். கருத்தடை செய்ததன் அடையாளமாகக் காது நுனி வெட்டப்பட்ட பூனை அது. இப்படி வீடு தேடும் பூனைகள் இன்னும் பல இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் உங்கள் நாளிதழ் எழுத வேண்டும்.

வாசகி,
பாசிர் ரிஸ்