போர்டைக் கடைசியில் வாங்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிண்டியில் இடம் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் சொல்லிவிடு. இனி மெஷின் சமாச்சாரம்.

நாலுக்கு நாலடி மர ரூட்டர், பழைய மில்லிங் மெஷின், இரண்டையும் கம்ப்யூட்டர் வழியாக (சிஎன்சி) ஓட்ட ஒரே கன்ட்ரோலர் போர்டு வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். போர்டை முதலில் தேடுவதே தலைகீழ் வேலை. ஸ்க்ரூவில் ஆரம்பி: எத்தனை மிமீ பிட்ச் (ஒரு சுற்றில் நகரும் தூரம்), எவ்வளவு வேகம், அதற்கு மோட்டாரை நகர்த்தப் போர்டு வினாடிக்கு எத்தனை பல்ஸ் அனுப்ப வேண்டும். அந்த எண் கையில் இருந்தால், கடைக்காரர் காட்டுவதில் பாதியைப் பார்க்கவே வேண்டியதில்லை.

ரூட்டருக்கு மூன்று அச்சிலும் 1605 பால் ஸ்க்ரூ (16 மிமீ தடிமன், 5 மிமீ பிட்ச்) என்று எழுதியிருக்கிறாய். 16 மிமீ தடிமன் ஸ்க்ரூ 1.3 மீட்டர் நீளத்தில் 1100 ஆர்பிஎம் பக்கம் போனால் சாட்டை மாதிரி அடிக்க ஆரம்பிக்கும். ஸ்டெப்பரோ (பல்ஸுக்கு ஒரு படியாகச் சுற்றும் மோட்டார்) 600, 700 ஆர்பிஎம் தாண்டினால் டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, இழந்துகொண்டே வரும். 5 மிமீ பிட்ச்சில் 600 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 3 மீட்டர்தான். இரண்டு பல் கட்டரை 18,000 ஆர்பிஎம்மில் சுற்றி 3 மீட்டரில் ஓட்டினால் ஒரு பல்லுக்கு 0.08 மிமீதான் கிடைக்கும். கட்டர் மரத்தை வெட்டாமல் தேய்த்துக் கருக்கும். அதனால் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் 10 மிமீ பிட்ச் உள்ள 1610 போடு. இசட்டுக்கு 1605 இருக்கட்டும். அங்கே 10 மிமீ பிட்ச் போட்டால் கரண்ட் போன நேரத்தில் ஸ்பிண்டில் (கட்டரைச் சுற்றும் மோட்டார்) கனத்திலேயே கீழே இறங்கிவிட வாய்ப்பு அதிகம்.

இப்போது கணக்கு. 200 ஸ்டெப் மோட்டார், டிரைவரில் (மோட்டாருக்குக் கரண்ட் தரும் பெட்டி) ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிக்கும் எட்டில் ஒன்று மைக்ரோஸ்டெப்: ஒரு சுற்றுக்கு 1600 பல்ஸ், 10 மிமீ பிட்ச்சுக்கு ஒரு மிமீக்கு 160. நிமிடத்துக்கு 6 மீட்டர் என்றால் வினாடிக்கு 100 மிமீ, அதாவது 16,000 பல்ஸ். ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னப் போர்டில் ஓடும் ஜிஆர்பிஎல் என்ற கன்ட்ரோலர் மென்பொருள் 30,000 வரை தரும், தாராளம். இதையே முப்பத்திரண்டில் ஒன்று என்று வைத்தால் 64,000 கேட்கும், ஊனோவால் ஆகாது. மைக்ரோஸ்டெப்பை ஏற்றினால் துல்லியம் கூடும் என்பது வெறும் பேச்சு. எட்டில் ஒன்றில் ஒரு பல்ஸுக்குப் பின்னால் நிற்கும் டார்க், ஹோல்டிங் டார்க்கில் (மோட்டார் நின்ற நிலையில் தாங்கும் விசை) 20 சதவீதம் போல; பதினாறில் ஒன்றில் அது 10 சதவீதம். உராய்வு அதைவிட அதிகமாக இருந்தால் மோட்டார் அசையாது, அடுத்தடுத்த பல்ஸ் சேர்ந்த பிறகு ஒரேயடியாகத் துள்ளும்.

ஆனாலும் ஊனோவை நான் சொல்லமாட்டேன். உன் கேன்ட்ரிக்கு (மேசைக்குக் குறுக்கே நகரும் பாலம்) இரண்டு பக்கமும் ஒய் மோட்டார் இருக்கிறது. ஹோமிங்கின்போது (தொடக்க இடத்துக்குத் திரும்பும்போது) இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக நிறுத்தி மூலை மட்டம் சரிசெய்ய வேண்டும். டீன்ஸி 4.1 என்ற வேகமான போர்டில், ஜிஆர்பிஎல்லின் வளர்ந்த வடிவமான ஜிஆர்பிஎல்ஹால் போட்டால் அது கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: டீன்ஸி 3.3 வோல்ட், அதன் பின்னில் 5 வோல்ட் பட்டால் போயிற்று. நடுவில் 74எச்சிடி245 பஃபர் சிப் வைத்து 5 வோல்ட்டாக்கி டிரைவருக்குக் கொடு. 3.3-ஐ நேரடியாகக் கொடுத்தால் டிரைவரின் ஆப்டோ (சிக்னலை ஒளி வழியாக வாங்கும் பாகம்) சரியாகத் திறக்காது. மேசையில் ஓடும், மெஷினில் சூடானதும் பல்ஸைத் தவறவிடும்.

டிரைவருக்கு டிஎம்542 போதும். டிபி6600 என்று மேலே ஒட்டியிருக்கும் மலிவுப் பெட்டிகளை விட்டுவிடு, பலவற்றில் உள்ளே இருப்பது வேறு சிப். டிஎம்542-ன் கரண்ட் அட்டவணையில் பீக் (உச்ச அளவு), ஆர்எம்எஸ் (சராசரி போன்ற பயனுறு அளவு) என்று இரண்டு வரிசை இருக்கும். மோட்டார் தகட்டில் 3 ஆம்ப் என்றால் ஆர்எம்எஸ் வரிசையைப் பார்த்து வை. மோட்டார் 70 டிகிரி தொட்டால் பயப்படாதே, ஸ்டெப்பரின் சுபாவம் அது. வோல்டேஜ் உச்சவரம்புக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு: மோட்டார் காயிலின் இண்டக்டன்ஸை மில்லிஹென்றியில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 32-ஆல் பெருக்கு. 2.5 என்றால் 50 வோல்ட். ஆனால் இந்த டிரைவரின் எல்லையே 50. கனமான கேன்ட்ரி சட்டென்று நிற்கும்போது மோட்டார் ஜெனரேட்டராகி சப்ளையை மேலே தள்ளும். 48 கொடுத்தால் ஒருநாள் புகை வரும். 36 கொடு. ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டார் ஒயரை மட்டும் கழற்றாதே. டிரைவர் சாக அது ஒன்றே போதும்.

பலர் பார்க்காமல் விடுவது டைரக்‌ஷன் சிக்னலின் நேரம். டிஎம்542-க்கு டைரக்‌ஷன் மாறி 5 மைக்ரோசெகண்ட் கழித்துத்தான் பல்ஸ் வர வேண்டும். பல்ஸின் அகலம் 2.5-க்குக் குறையக்கூடாது. இது தவறினால், அல்லது பல்ஸ் போலாரிட்டி தலைகீழாக இருந்தால், ஒவ்வொரு திரும்புதலிலும் பல்ஸ் தவறும். எழுத்து செதுக்கும்போது இசட் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகிக்கொண்டே போகும். எல்லோரும் கப்ளிங்கை முறுக்கிக்கொண்டிருப்பார்கள். டயல் கேஜ் வைத்து இசட்டை 200 தடவை மேலும் கீழும் ஓட்டு. மிமீக்கு 320 பல்ஸ், ஒரு தடவைக்கு ஒன்று போனாலும் 0.6 மிமீ நகர்ந்திருக்கும். 400 தடவைக்கு அது சரியாக இரட்டித்தால் நேரம்தான் குற்றவாளி. கணக்கில்லாமல் முன்னும் பின்னும் அலைந்தால் ஸ்பிண்டில் விஎஃப்டியின் (அதன் வேகத்தை மாற்றும் டிரைவ்) மின் இரைச்சல். ஒரேயடியாக சில மிமீ தாவினால் மோட்டார் நின்றுபோயிருக்கிறது, ஆக்ஸிலரேஷனைக் குறை.

மில்லிங் மெஷின் வேறு ஜாதி. முதலில் அதன் பழைய ஸ்க்ரூவின் பேக்லாஷை, அதாவது திரும்பும்போது வரும் ஆட்டத்தை, அள. 0.1 மிமீ ஆட்டம் இருந்தால், பால் ஸ்க்ரூ போடாமல் சர்வோவுக்கு (தன் இடத்தைத் தானே அளந்து திருத்தும் மோட்டார்) பணம் கொட்டுவது வீண். அதற்குப் பிறகு 750 வாட் ஏசி சர்வோ, 2.4 நியூட்டன் மீட்டர், இரண்டுக்கு ஒன்று டைமிங் பெல்ட், 5 மிமீ ஸ்க்ரூ என்று வைத்துக்கொள். மோட்டார் சுற்றுக்கு 10,000 பல்ஸ் என்றால் மிமீக்கு 4000. நிமிடத்துக்கு 5 மீட்டர் கேட்டால் வினாடிக்கு 3,33,000 பல்ஸ். பேரலல் போர்ட்டில் மாக்3 என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் சாதாரணமாகத் தருவது 25,000. அதில் இந்த மெஷின் 0.4 மீட்டர்கூடத் தாண்டாது. டிரைவில் எலக்ட்ரானிக் கியரை (சுற்றுக்கு எத்தனை பல்ஸ் என்ற அமைப்பு) மாற்றிச் சுற்றுக்கு 2000 ஆக்கினால் 67,000-க்கு இறங்கும், ஒரு பல்ஸுக்கு 1.25 மைக்ரான், இந்த மெஷினுக்கு அதுவே அதிகம்.

நீ இதில் பல வருஷம் வேலை எடுக்கப்போகிறாய் என்பதால் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள், அதோடு மெசா 7ஐ76இ போர்டு என்று போ. பல்ஸைப் போர்டே உருவாக்கும், கம்ப்யூட்டரின் தடுமாற்றம் அதில் ஏறாது. ஐந்து அச்சு, 24 வோல்ட்டில் 32 இன்புட், 16 அவுட்புட். கம்ப்யூட்டரில் ரியல்டைம் கெர்னல் (நேரம் தவறாத லினக்ஸ்) கட்டாயம். ஸ்டெப் அவுட்புட்டை டிஃபரன்ஷியலாக (ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு சிக்னலாக), முறுக்கிய ஜோடி ஒயரில் கொண்டுபோ. பல சர்வோ டிரைவ்கள் டிஃபரன்ஷியலில் 500 கிலோஹெர்ட்ஸ் வாங்கும், ஓப்பன் கலெக்டர் என்ற ஒற்றைச் சிக்னல் முறையில் 200-தான். பல்ஸுக்குப் பதில் பிளஸ் மைனஸ் 10 வோல்ட் அனலாக் சிக்னலால் டிரைவை ஓட்டுவது பற்றிக் கேட்டிருந்தாய். பழைய சிஎன்சியில் நல்ல டிரைவ்கள் ஏற்கெனவே இருந்தால் மட்டும் அந்த வழி. அதில் என்கோடரை (மோட்டாரின் இடத்தைச் சொல்லும் சென்சார்) கன்ட்ரோலருக்குக் கொண்டுவந்து, பிழையைத் திருத்தும் பிஐடி கணக்கோடு மல்லுக்கட்ட வேண்டும்.

டிரைவின் அலாரம் ஒயரைக் கட்டாயம் இழு. சர்வோவோ குளோஸ்டு லூப் ஸ்டெப்பரோ (என்கோடர் வைத்த ஸ்டெப்பர்), டிரைவ் தன் பிழையைக் கண்டு நின்றுவிடும். ஒயர் இல்லையென்றால் கன்ட்ரோலருக்கு அது தெரியாது, மற்ற அச்சுகள் பாட்டுக்கு ஓடி வேலையைக் கெடுக்கும். ரூட்டரின் இரண்டு ஒய் டிரைவுக்கும் குளோஸ்டு லூப் போடுவதாக இருந்தால் இரண்டு அலாரத்தையும் சீரிஸில் கட்டு. எமர்ஜென்சி பட்டன் சர்வோவின் மெயின் சப்ளை கான்டாக்டரை (பெரிய ரிலே) துண்டிக்கட்டும். டிரைவின் கன்ட்ரோல் சப்ளை இருக்கட்டும், அலாரம் நம்பரைப் படிக்கலாம். மில்லிங் இசட்டுக்கு பிரேக் வைத்த மோட்டார் வாங்கு. பிரேக் காயிலை டிரைவின் அவுட்புட்டில் நேரடியாக மாட்டாதே, நடுவில் ரிலே, காயிலுக்குக் குறுக்கே டயோடு. லிமிட் சுவிட்ச் எல்லாம் 24 வோல்ட், நார்மலி குளோஸ்டு (சாதாரணமாக மூடியிருப்பது).

மில்லிங்கின் எக்ஸ், ஒய் பிட்ச், டேபிள் எடை, உன் ஸ்டெப்பர்களின் இண்டக்டன்ஸ் மூன்றையும் எழுது. அதற்கு முன் பவர் சப்ளைக்கு ஆர்டர் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சண்முகம்