காற்றை உதைத்து ஊஞ்சல் உயர்வதில்லை

அன்புள்ள கண்ணுக்குட்டிக்கு,

போன வாரம் பூங்காவில் ஊஞ்சலை விட்டு இறங்கியதும் கேட்டாயே, "அத்தை, யாரும் தள்ளல. என் கால் தரையிலயும் படல. அப்புறம் எப்படி ஊஞ்சல் மேல மேல போகுது?" என்று. "காலால காத்தை உதைக்கிறல்ல, அதான்" என்று சொல்லிவிட்டேன். அது தப்பான பதில். வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. இதற்குள் உன் தம்பிக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருப்பாய்.

காலை வீசும்போது காற்று திருப்பித் தரும் விசை மிகச் சொற்பம். உன்னையும் ஊஞ்சலையும் உயர்த்த அது போதாது. காற்றே இல்லாத அறைக்குள்ளும் ஊஞ்சலை உயர்த்தலாம். தடுக்கக் காற்று இல்லாததால் இன்னும் சுலபமாகவே உயரும்.

ஊஞ்சல் ஒரு ஊசல். கொக்கியிலிருந்து உன் நிறை மையம் (உன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) வரை 2.5 மீட்டர் என்றால், ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 3.2 விநாடி ஆகும். எடை கூடினாலும் குறைந்தாலும் இது மாறாது. நீளம் மாறினால்தான் மாறும். வீச்சு, அதாவது நடுவிலிருந்து ஊஞ்சல் விலகிப்போகும் அளவு, மிகப் பெரிதானால் கொஞ்சம் மெதுவாகும், அவ்வளவுதான். தாளம் ஊஞ்சலுடையது. நீதான் அதோடு சேர்ந்துபோக வேண்டும்.

முதலில் நின்றுகொண்டு ஆடுவதைப் பார்ப்போம், கணக்கு அதில்தான் தெளிவாகத் தெரியும். இரண்டு உச்சிகளிலும் முழங்காலை மடக்கி உட்காருகிறாய். நடுவில், தரைக்கு மிக அருகே கடக்கும்போது எழுந்து நிற்கிறாய். அந்த இடத்தில் எழுவது கஷ்டமாக இருப்பதைக் கவனித்திருக்கிறாயா? உன் கால் பொய் சொல்லவில்லை. நேராகத் தொங்கும் நிலையிலிருந்து 60 பாகை வரை போய் வரும் ஊஞ்சல் அடிப்புள்ளியைக் கடக்கையில், பலகை உன் எடையைப் போல இரண்டு மடங்கு விசையோடு உன்னைத் தாங்க வேண்டியிருக்கிறது. உச்சியிலோ பாதி எடைதான். கனமாக இருக்கும் இடத்தில் உடம்பைத் தூக்குகிறாய், லேசாக இருக்கும் இடத்தில் இறக்குகிறாய். இந்த வித்தியாசம் ஊஞ்சலில் சேர்ந்துவிடுகிறது. உன் எடை 40 கிலோ, எழும்போது நிறை மையம் 20 சென்டிமீட்டர் உயர்கிறது என்று வைத்துக்கொள். ஆற்றலை ஜூல் என்ற அலகில் அளப்பார்கள். எழுவதற்குச் செலவு 157 ஜூல், உட்காரும்போது கைவிட்டுப் போவது 39 ஜூல். மிச்சம் சுமார் 118 ஜூல், ஒரே ஒரு கடப்பில்! அத்தனையும் நீ சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து, உன் தொடைத் தசை வழியாக வந்தது.

இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். சுழல் நாற்காலியில் கையை விரித்துச் சுற்றிக்கொண்டே கையை மடக்கினால் வேகம் கூடும் அல்லவா? கோண உந்தம், அதாவது சுழற்சியின் மொத்த அளவு, மாறக் கூடாது என்பதால் அப்படி நடக்கிறது. அடிப்புள்ளியில் நீ எழும்போது கொக்கிக்கும் உனக்கும் உள்ள தூரம் குறைகிறது. அதே காரணத்தால் ஊஞ்சலும் வேகமெடுக்கிறது.

இதே வேலையை வெளியிலிருந்து செய்கிறவர்களும் உண்டு. ஸ்பெயின் நாட்டில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா பேராலயத்தில் பொத்தாஃபுமெய்ரோ என்ற மாபெரும் தூபக்கலசம் தொங்குகிறது. எடை 50 கிலோவுக்கு மேல். 8 பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கலசம் அடியைக் கடக்கும்போது இழுத்தும் உச்சியில் தளர்த்தியும் அதைக் கூரையை நெருங்கும் அளவுக்கு ஆட்டுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு தள்ளு தள்ளிவிடுவதோடு சரி, அதன் பிறகு பக்கவாட்டில் யாரும் தள்ளுவதே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியம் தீரவே இல்லை.

இப்போது ஒரு சிக்கல். வீச்சு வெறும் 10 பாகை என்றால், மேலே சொன்ன 118 ஜூலுக்குப் பதில் 4 ஜூல்கூடத் தேறாது. கூட்டு வட்டி மாதிரிதான் இது. ஒவ்வொரு கடப்பிலும் ஊஞ்சலில் ஏற்கெனவே இருக்கும் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சேருகிறது. முதலே இல்லாவிட்டால் வட்டி ஏது? அசையாமல் தொங்கும் ஊஞ்சலில் நேராக நின்று, எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தாலும் அது ஆடத் தொடங்காது.

ஆனால் உட்கார்ந்தபடி நீ ஆடத் தொடங்கிவிடுகிறாயே! அங்கே நடப்பது வேறு. பின்பக்க உச்சியில் தலையைப் பின்னால் சாய்த்துக் காலை முன்னால் நீட்டும்போது உன் உடம்பு முழுவதும் ஒரு பக்கமாகச் சுழல்கிறது. அதை ஈடுகட்ட ஊஞ்சல் எதிர்ப்பக்கம் சுழல வேண்டும். அதனால் இருக்கை இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் உயரே போகிறது. முன்பக்க உச்சியில் நிமிர்ந்து காலை மடக்கினால் அதேபோல் முன்னால் ஏறுகிறது. இதற்கு முதல் தேவையில்லை. நின்ற ஊஞ்சலிலும் வேலை செய்யும். வீச்சு பெரிதான பிறகு, எழுந்து உட்காரும் அந்த வித்தையும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

எவ்வளவு உயரம் போகலாம் என்று கேட்பாய். கயிறோ சங்கிலியோ கட்டிய ஊஞ்சல் 90 பாகையைத் தாண்டினால், போதுமான வேகம் இல்லாதபோது தொய்ந்துபோகும். நீ அப்படியே விழுந்து, பிறகு வெடுக்கென்று இழுபடுவாய். அதனால் அந்தப் பக்கம் போகவே கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். எஸ்தோனியாவில் 1990களில் பிறந்த கீக்கிங் என்ற விளையாட்டில் முழு வட்டமே அடிக்கிறார்கள். அங்கே கயிற்றுக்குப் பதில் இரும்புத் தண்டு, காலையும் பலகையோடு கட்டிவிடுவார்கள். 7 மீட்டருக்கு மேல் நீளமான தண்டிலும் சுற்றியிருக்கிறார்கள். தண்டு நீளமானால் வட்டி விகிதம் குறையும், அதனால்தான் நீளத்தை வைத்துப் போட்டி.

தம்பியிடம் இனிமேல் "உதை, உதை" என்று கத்தாதே. பக்கத்தில் நின்று, அவன் பின்னால் போய் நிற்கும் அந்த ஒரு கணத்தில் "சாய்" என்று மட்டும் சொல்லு. முன்னால் போய் நிற்கும்போது "நிமிர்". பலம் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் ஒரு சோதனை செய்து பார். அசையாத ஊஞ்சலில் கால் தரையில் படாமல் உட்கார்ந்து, சட்டென்று பின்னால் சாய். அந்த முதல் கணத்தில் இருக்கை எந்தப் பக்கம் நகர்கிறது என்று தம்பியைத் தரையில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லு. இருவரும் பார்த்ததை வந்ததும் எனக்குச் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அத்தை